பொன்மோதிரமும் பனையோலை விசிறியும்

பொன் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனம் தராசைத் தேடுகிறது. எத்தனை பவுன், செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்ற கேள்விகள் வரிசையாக எழுகின்றன. விசிறி என்ற சொல்லைக் கேட்டாலோ ஒரு கேள்வியும் எழுவதில்லை. மின்சாரம் நின்றுபோன இரவில் மட்டும் பரணையில் அதைத் தேடுகிறோம். விளக்கு எரிந்ததும் மறந்துவிடுகிறோம்.

ஆயினும் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இவ்விரண்டிற்கும் மதிப்பான இடம் உண்டு. பண்டைய ரோமாபுரியின் பொன்னணிகளை ஓர் அறையிலும், பல நாட்டு அழகிய விசிறிகளை மற்றோர் அறையிலும் கண்ணாடிப் பேழைகளுக்குள் வைத்துக் காக்கிறார்கள். அங்கே தராசு கிடையாது. அங்கே நின்று பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டே: இது யாருடையது? இது எதற்குப் பயன்பட்டது?

இவ்விரு கேள்விகளையும் நம் வீட்டுப் பொன்னை நோக்கியும் நாம் கேட்டால் என்ன? விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் வாழும் நமக்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று. ரோமாபுரிப் பொன் வந்து இறங்கிய கடற்கரை நம் வாசலிலேயே இருக்கிறது.

நம் கடற்கரையில் ரோமாபுரி

திண்டிவனம் நகரை ஒட்டிய கிடங்கில், சங்க காலத்தில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊராக விளங்கியது. அவனுடைய கொடையைப் போற்றி நல்லூர் நத்தத்தனார் பாடியது சிறுபாணாற்றுப்படை. அந்நூல் கூறும் எயிற்பட்டினம் என்னும் துறைமுகம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலருடைய கருத்து. அங்கிருந்து தெற்கே கரையோரமாகச் சென்று புதுச்சேரியைக் கடந்தால் அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் அரிக்கமேடு. விழுப்புரத்திலிருந்து புறப்பட்டாலும் திண்டிவனத்திலிருந்து புறப்பட்டாலும் காலையில் சென்று மாலையில் திரும்பிவிடலாம்.

அம்மேட்டில் மழை பெய்து மண் கரையும்போதெல்லாம் ஊர்ச் சிறுவர்கள் மணிகளையும் வண்ணக் கற்களையும் பொறுக்குவது வழக்கம். அவற்றைப் பெற்று ஆராய்ந்தவர் ழுவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சுப் பேராசிரியர். 1937-ஆம் ஆண்டில் அவர் கைக்கு வந்த ஒரு முத்திரைக் கல்லில் ஓர் ஆண்மகனின் தலை குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. அது ரோமாபுரிப் பேரரசன் அகுஸ்துவின் உருவம் என அவர் கருதினார். நம் ஆண்டவர் பெத்லகேமில் பிறந்த நாளில் குடிமதிப்பு எடுக்கக் கட்டளையிட்டவன் என்று லூக்கா நற்செய்தியில் நாம் வாசிக்கும் அதே அகுஸ்துதான்!

1941 முதல் சகோதரர் ஃபோஷோவும் சுர்லோ என்பவரும் அங்கே அகழ்ந்து பார்த்தனர். 1945-ல் மார்ட்டிமர் வீலர் முறையான அகழாய்வு நடத்தினார். இத்தாலி நாட்டில் வனையப்பட்டு, குயவரின் முத்திரை பொறித்த செந்நிறக் கலங்களும், திராட்சை இரசம் கொண்டுவந்த இரட்டைக் கைப்பிடிச் சாடிகளின் உடைசல்களும் அங்கே கிடைத்தன. பின்னர் 1947 முதல் 1950 வரை கசால் என்பவரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையாரும் ஆய்வைத் தொடர்ந்தனர். அரிக்கமேட்டுப் பொருள்களில் ஒரு பகுதியைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம்.

அம்மேட்டில் நமக்கு உரிய மற்றொரு நினைவும் உண்டு. அங்கே இடிந்து நிற்கும் செங்கற் சுவர்கள் 18-ஆம் நூற்றாண்டு வேதபோதக குருக்களின் இல்லத்தைச் சேர்ந்தவை. சீயம் நாட்டில் தொடங்கி, போராலும் கலகத்தாலும் இடம்பெயர்ந்த குருமடம் ஒன்று 1770-ஆம் ஆண்டு வாக்கில் அருகிலுள்ள வீராம்பட்டினத்தில் தஞ்சம் புகுந்தது. அதன் தலைவராயிருந்த பிக்னோ தெ பெஹேன் சுவாமிகள் 1774-ல் மயிலாப்பூர் சாந்தோமில் ஆயராக அபிஷேகம் பெற்றார். மண்ணுக்கு மேலே குருமாணவர் செபித்த இல்லம். மண்ணுக்கு அடியில் ரோமாபுரி வணிகரின் பண்டங்கள். இரண்டும் அருகருகே இருந்தும் ஒன்றையொன்று அறியவில்லை!

யாருடைய உருவம்?

ரோமாபுரியிலிருந்து நம் நாட்டுக்கு வந்தவற்றுள் முதலிடம் பெற்றவை பொற்காசுகளும் வெள்ளிக்காசுகளும். மிளகும் முத்தும் மணியும் மெல்லிய துணியும் வாங்குவதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்தர் காசுகளை இந்தியா விழுங்குகிறது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்னும் அறிஞர் எழுதி வருந்தினார்.

அக்காசுகள் தமிழகத்தின் பல இடங்களில் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. கோயம்புத்தூர்ப் பகுதியில் கிடைத்த வெள்ளிக்காசுகளில் அகுஸ்துவின் காசுகளும் திபேரியுவின் காசுகளும் மிகுதி. சென்னை எழும்பூரில் 1851-ல் நிறுவப்பட்ட அரசு அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகளை நாம் காணலாம். இராயனுக்கு வரி கொடுப்பது முறையா என்று பரிசேயர் கேட்டபோது நம் ஆண்டவர் ஒரு வெள்ளிக்காசைக் காட்டச் சொன்னார் அன்றோ? அது திபேரியுவின் காசாயிருக்கலாம் என்பதே பொதுவான கருத்து. அதே அச்சில் வார்த்த காசு தமிழ் மண்ணிலும் புழங்கியது என்று எண்ணும்போது நற்செய்தி நமக்கு எவ்வளவு அருகில் வந்துவிடுகிறது!

1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சி என்னும் ஊரில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றின் பெரும்பகுதி இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அவற்றுள் பெரும்பாலான காசுகளில் அரசனுடைய முகத்தின்மேல் உளியால் ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். காசு செல்லாது என்று காட்ட வெட்டினார்கள் என்பர் சிலர். பொன்னின் தரத்தைச் சோதிக்க வெட்டினார்கள் என்பர் வேறு சிலர். எதுவாயினும், முகம் சிதைந்த பின் எஞ்சியது எடை ஒன்றுதான். உலகையே ஆண்டவனின் உருவம் வணிகனுடைய தட்டில் வெறும் பொன்னாகிவிட்டது. வேறு சில காசுகளில் துளையிட்டும் வளையம் பற்றவைத்தும் கழுத்தில் அணிந்திருக்கிறார்கள். நம் பாட்டிமார் பெருமையோடு அணிந்த காசுமாலையை இது நமக்கு நினைவூட்டுகிறது.

யாருடைய உருவம் இது என்று ஆண்டவர் கேட்ட கேள்வி அணிகலனுக்கும் பொருந்தும். கி.பி. 79-ல் வெசூவியு எரிமலை வெடித்து பொம்பெய், எர்க்குலேனியம் என்னும் நகரங்கள் அழிந்தன. 1982-ல் எர்க்குலேனியத்தின் பழைய கடற்கரையில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. அவள் விரலில் கல் பதித்த பொன்மோதிரங்கள் அப்படியே இருந்தன. பொன் வளைகளும் உடனிருந்தன. உயிர் தப்ப ஓடிய வேளையிலும் பொன்னை எடுத்துக்கொண்டாள். பொன் பிழைத்தது, அவள் பிழைக்கவில்லை.

2000-ஆம் ஆண்டில் பொம்பெய்க்கு அருகே மோரெஜினே என்னும் இடத்தில் வேறொரு பெண்ணின் கையில் பாம்பு வடிவமான பொற்கடகம் கிடைத்தது. அதன் உட்புறத்தில், எசமான் தன் அடிமைப் பெண்ணுக்குக் கொடுத்தது என்ற பொருளில் மூன்று இலத்தீன் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. எவ்வளவு கனமான பொன்! எவ்வளவு கனமான சொல்! பொன்னை அணிந்தவள் பொன்னுக்கு உரியவளாக இருக்கவில்லை. அவளே வேறொருவனின் உடைமையாக இருந்தாள். அக்கடகத்தில் உள்ள ‘எசமான்’, ‘அடிமைப்பெண்’ என்ற அதே இலத்தீன் சொற்கள் நம் மூவேளைச் செபத்திலும் வருகின்றன என்பதைக் கவனியுங்கள். நாசரேத்தூர்க் கன்னிகை தன்னை ஆண்டவரின் அடிமை என்று சொன்னாள். அவளுக்கு எவரும் பொன் பூட்டவில்லை. அவள் தன் முழு மனத்தோடு தானே இசைந்தாள். இரண்டு அடிமைத்தனங்களுக்கும் இடையே மண்ணுக்கும் விண்ணுக்கும் உள்ள தூரம்.

மோதிரத்தின் முத்திரை

அக்காலத்தில் மோதிரம் வெறும் அழகுப் பொருளன்று. அதில் பதித்த கல்லில் ஓர் உருவம் செதுக்கியிருக்கும். மெழுகில் அழுத்தினால் அவ்வுருவம் முத்திரையாக விழும். கடிதத்துக்கும், பண்டகசாலைக்கும், பெட்டிக்கும் அதுவே பூட்டு, அதுவே கையொப்பம். ரோமாபுரியில் மண ஒப்பந்தத்துக்கு முதலில் இரும்பு மோதிரமே வழங்கியது. பொன் மோதிரம் பின்னர் வந்தது.

கி.பி. 200-ஆம் ஆண்டையொட்டி அலெக்சாந்திரியா நகரில் கிறிஸ்தவர்களுக்குப் போதித்த கிளமெந்து என்னும் ஆசிரியர் இம்மோதிரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இவருடைய குருவாகிய பந்தேனுஸ் இந்தியாவுக்கு வந்து போதித்தவர் என்று யூசேபியுஸ் எழுதிய திருச்சபை வரலாறு கூறுகிறது. கிறிஸ்தவர்களின் மோதிரத்தில் புறா, மீன், பாய் விரித்த கப்பல், யாழ், நங்கூரம் ஆகியவற்றுள் ஒன்று இருக்கட்டும். விக்கிரக உருவமோ, சமாதானத்தை நாடுவோருக்குப் பொருந்தாத வாளும் வில்லுமோ வேண்டாம் என்பது கிளமெந்துவின் போதனை. மனைவி பொன்மோதிரம் அணிவதற்கும் அவர் இசைவு தருகிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம் நம் சிந்தனைக்குரியது: அது அழகுக்காக அன்று; வீட்டுப் பொருள்களுக்கு முத்திரையிட்டுப் பாதுகாக்கும் பொறுப்பு அவளுடையது என்பதற்காக!

ஆகவே கிறிஸ்தவ இல்லத்தில் பொன்மோதிரம் முதலில் நம்பிக்கையின் சின்னமாக நுழைந்தது. இந்த வீடு உன் பொறுப்பில் இருக்கிறது என்று கணவன் மனைவியிடம் ஒப்படைத்த சாவி அது.

1500 ஆண்டுகளுக்குப் பின் இதே கேள்வி நம் புதுச்சேரியிலும் எழுந்தது. பாப்பரசரின் தூதராக வந்த தூர்னோன் ஆண்டகை 1704-ல் புதுச்சேரியில் ஓர் ஆணை வெளியிட்டார். அதன் பல பகுதிகள் நெடுங்காலம் விவாதத்துக்கு இடமாயின. ஆனால் தாலியைப் பற்றிய பகுதி கிளமெந்துவின் எண்ணத்தையே ஒத்திருந்தது. கிறிஸ்தவப் பெண்ணின் தாலியில் பிற சமய உருவம் வேண்டாம். சிலுவையோ, ஆண்டவரின் உருவமோ, தேவதாயின் உருவமோ இருக்கலாம் என்று அது கூறியது. இன்றும் நம் இல்லங்களில் சிலுவைத் தாலியையும் புறாத் தாலியையும் காண்கிறோம். கிளமெந்து காலத்தில் பேசியதும் அடையாளத்தைப் பற்றியே. தூர்னோன் காலத்தில் பேசியதும் அடையாளத்தைப் பற்றியே. எத்தனை பவுன் என்று திருச்சபை எக்காலத்திலும் கேட்டதில்லை. கேட்பவர்கள் நாம்தான்.

பலிபீடத்தருகே விசிறி

இனி விசிறிக்கு வருவோம். சாலமோன் அரசனின் கப்பல்கள் பொன்னையும் வெள்ளியையும் யானைத் தந்தத்தையும் கொண்டுவந்தன என்று அரசர் ஆகமத்தில் வாசிக்கிறோம். அவற்றோடு வந்த ஒரு பறவையின் எபிரேயப் பெயர் ‘துக்கி’. அது மயிலையே குறிக்கும். நம் ‘தோகை’ என்னும் சொல்லிலிருந்தே அது பிறந்தது என்று கால்டுவெல் ஐயர் முதலியோர் கருதினர். இன்று அறிஞர் எல்லாரும் அதை ஏற்பதில்லை. ஆயினும் மயில் நம் நாட்டுப் பறவை என்பதில் ஐயமில்லை. அதன் பீலி மேல்நாடுகளில் விசிறியாயிற்று. விசிறி திருப்பலி பீடம் வரை சென்றது.

4-ஆம் நூற்றாண்டில் சீரியா நாட்டில் தொகுக்கப்பட்ட ‘அப்போஸ்தலிக்கக் கட்டளைகள்’ என்னும் நூல் திருப்பலியின் முறையை விவரிக்கிறது. காணிக்கைகள் பீடத்துக்கு வந்ததும், திருத்தொண்டர் இருவர் பீடத்தின் இருபுறமும் நின்று மெல்லிய தோலாலோ மயிற்பீலியாலோ துணியாலோ ஆன விசிறியை மெல்ல வீச வேண்டும். எதற்காக? சிறு பூச்சிகள் பறந்து இரசப் பாத்திரத்தில் விழாதிருப்பதற்காக! இவ்வளவு எளிய வேலைக்கே விசிறி பீடத்தருகே வந்தது. தியாக்கோன் என்ற கிரேக்கச் சொல்லுக்கே பணிவிடை செய்பவர் என்றுதான் பொருள்.

காலப்போக்கில் இவ்விசிறி அழகு பெற்றது. பிரான்சு நாட்டில் தூர்னு என்னும் ஊரின் துறவற மடத்தில் இருந்த 9-ஆம் நூற்றாண்டு விசிறி இப்போது பிளாரென்ஸ் நகரில் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் உள்ளது. மடிப்பு மடிப்பாக விரிந்து வட்டமாகும் தோலில் புனிதர்களின் உருவங்கள். கைப்பிடி தந்த வேலைப்பாடு. சீரியாவில் 6-ஆம் நூற்றாண்டில் வெள்ளித் தகட்டால் செய்து, மயிலிறகுக் கண்களைப் பொறித்த விசிறி வட்டங்களும் கிடைத்துள்ளன. ஒன்று இஸ்தான்புல்லிலும் மற்றொன்று வாஷிங்டனிலும் இருக்கின்றன. நம் அண்டையில் மலங்கரை ரீதித் திருப்பலியில் சிறு மணிகள் கோத்த உலோக வட்டங்களை அசைத்து ஒலிப்பதை இன்றும் கேட்கலாம். காற்று வீசும் வேலை போய்விட்டது. பீடத்தைச் சுற்றிச் சிறகடிக்கும் வானதூதரின் நினைவு நிலைத்துவிட்டது.

பாப்பரசரைப் பல்லக்கு நாற்காலியில் தூக்கி வரும்போது இருபுறமும் நெருப்புக்கோழி இறகாலான பெரிய விசிறிகள் வருவதுண்டு. 13-ஆம் சிங்கராயர் காலத்தில் அமெரிக்கச் சீமாட்டி ஒருவர் புதிய விசிறிகளைக் காணிக்கையாகத் தர, பழையவை அவருக்குப் பரிசாகக் கிடைத்து, பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தை அடைந்தன. 6-ஆம் சின்னப்பர் காலத்தோடு இவ்வழக்கமே நின்றது. அவர் அதற்கும் மேலே ஒன்று செய்தார். 1964 நவம்பரில், வத்திக்கான் சங்கம் கூடியிருந்தபோது, மிலான் மக்கள் தமக்குச் செய்து தந்த விலையுயர்ந்த முடியை எடுத்து இராயப்பர் பேராலயப் பீடத்தின்மேல் வைத்து ஏழைகளுக்கென்று கொடுத்துவிட்டார். இன்று அது வாஷிங்டன் அமலோற்பவ அன்னை பேராலயத்தில் காட்சிக்கு இருக்கிறது. தலைமேல் இருந்தபோது பெறாத ஒளியை அப்பொன் பீடத்தின்மேல் பெற்றது என்றே சொல்லத் தோன்றுகிறது.

3-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரித் திருச்சபையின் பொருளைக் காத்தவர் புனித லாரன்ஸ். அவரும் ஒரு திருத்தொண்டரே. திருச்சபையின் செல்வத்தைக் கொண்டுவா என்று அதிகாரி கட்டளையிட்டபோது அவர் ஏழைகளை அழைத்து வந்து நிறுத்தினார் என்பது மரபு. விசிறி வீசும் கைக்கே பொன்னின் உண்மையான மதிப்பும் தெரிந்திருந்தது!

ரெபெக்காளின் வளை

ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில் பெண்கள் கையில் விரிந்து மடங்கும் விசிறி பெருவழக்காயிருந்தது. ஜப்பானில் தோன்றிய இம்மடிப்பு விசிறியை 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசிய வணிகர் மேற்கே கொண்டு சென்றனர். இலண்டன் மாநகரின் கிரீனிச்சில் விசிறிகளுக்கென்றே 1991-ல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அக்கால விசிறிகளில் விவிலியக் காட்சிகளும் தீட்டப்பட்டன. அவற்றுள் விரும்பித் தீட்டியது கிணற்றடியில் ரெபெக்காள் நிற்கும் காட்சி.

ஆபிரகாமின் ஊழியன் தன் எசமானின் மகனுக்குப் பெண் தேடி வருகிறான். அவனிடம் பத்து ஒட்டகங்களும் நிறையப் பொன்னும் இருக்கின்றன. அவன் பெண் வீட்டாரிடம் எதுவும் கேட்கவில்லை. கிணற்றடியில் நின்று பார்க்கிறான். தாகத்தோடு வந்த அந்நியனுக்கும் அவன் ஒட்டகங்களுக்கும் சலிக்காமல் நீர் இறைத்து ஊற்றுகிறாள் அப்பெண். அதன் பின்னரே அரைச் சீக்கல் பொன் மூக்கணியும், பத்துச் சீக்கல் எடையுள்ள இரண்டு கடகங்களும் அவளுக்குக் கிடைக்கின்றன. எடையை விவிலியம் மறைக்கவில்லை. ஆனால் பணிவிடை முன்னே வருகிறது, பொன் பின்னே வருகிறது. கொடுப்பவர் மாப்பிள்ளை வீட்டார் என்பதும் நம் கவனத்துக்குரியது.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைப் பிளினி எழுதியிருக்கிறார். லொல்லியா பவுலினா என்னும் ரோமாபுரிச் சீமாட்டி ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்குத் தலை, காது, கழுத்து, விரல் எங்கும் மரகதமும் முத்தும் அணிந்து வந்தாளாம். அவற்றின் மதிப்பு 4 கோடி செஸ்தர். கேட்பவர்களுக்குக் காட்டுவதற்கு விலைச்சீட்டுகளும் ஆயத்தமாயிருந்தனவாம்! இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்தும் இவ்வம்மையார் நம் கலியாணப் பந்தல்களில் இன்னும் நடமாடுகிறார் என்பதை யார் மறுப்பார்?

நம் இல்லங்களில்

வரதட்சணையை 1961-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் பெண் பார்க்கும் பேச்சில் பவுன் கணக்கு நுழையாத வீடு அரிது. கேட்பவர் வாய்திறந்து கேட்பதில்லை; “உங்கள் பெண்ணுக்கு நீங்கள் விரும்பியதைப் போடுங்கள்” என்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்காக நிலத்தை அடகு வைத்த தகப்பன்மார் நம் பங்குகளிலும் உண்டு. திருமணத்தன்று கழுத்தில் ஏறிய நகை, சில மாதங்களில் அடகுக் கடைக்குச் செல்வதையும் காண்கிறோம். எடைக்காக வாங்கியது எடைக்கே போகிறது. சிலுவை பொறித்த தாலி ஒன்றே அக்கழுத்தில் எஞ்சுகிறது. அதன் எடை மிகக் குறைவு. ஆனால் அந்தக் குடும்பத்தைத் தாங்கி நிற்பது அதுதான்.

எனவே பெற்றோருக்கு நாம் கூற விரும்புவது இதுவே. மகனுக்குப் பெண் தேடும்போது ஆபிரகாமின் ஊழியனைப்போல் கிணற்றடியில் நின்று பாருங்கள், தராசடியில் நிற்காதீர்கள். மகளுக்குக் கொடுக்கும் பொன் உங்கள் சக்திக்குட்பட்டதாக இருக்கட்டும். அதை வீட்டின் பொறுப்பைக் காக்கும் முத்திரை என்று சொல்லிக் கொடுங்கள்.

பழம்பொருளைக் காப்பதிலும் நமக்குக் கடமை உண்டு. கிணறு வெட்டும்போதோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ பழங்காசு, அணிகலன் முதலியன கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். தட்டானிடம் சென்றால் அது உருகி எடையாகிவிடும். அருங்காட்சியகம் சென்றால் வரலாறாக வாழும். பங்கு ஆலயத்திலுள்ள பழைய பாத்திரங்களுக்கும் பூசை உடைகளுக்கும் இது பொருந்தும். கலைமதிப்புள்ள பொருள்களுக்குச் சரியான பட்டியல் இருக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் கூறுகிறது. பங்குப் பேரவையினர் ஒரு நாள் கூடி அப்பட்டியலைச் சரிபார்ப்பது எவ்வளவு நல்லது!

விசிறியோ? நம் ஊர்களைச் சுற்றி நிற்கும் பனைமரங்கள் தரும் ஓலை விசிறியைக் கண்ணாடிப் பேழையில் வைப்பவர் அரிது. அது விரைவில் உலர்ந்து உடைந்துபோகும். ஆனால் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் அருகே இரவு முழுவதும் அதை வீசும் தாயையும், மூச்சுத் திணறும் முதியவரின் கட்டிலருகே வீசும் மருமகளையும் நாம் அறிவோம். குருத்தோலை ஞாயிறன்று நம் கையில் சிலுவையாக மடங்குவதும் ஓலையே. மறு ஆண்டு சாம்பல் புதனன்று நம் நெற்றியில் சாம்பலாவதும் ஓலையே. பீடத்தருகே நின்ற திருத்தொண்டரின் மயிற்பீலி விசிறிக்கும், நோயாளியின் அருகே இருக்கும் இந்தப் பனையோலை விசிறிக்கும் வேலை ஒன்றே. பீடத்தில் காத்ததும் கிறிஸ்துவின் உடல். கட்டிலில் காப்பதும் கிறிஸ்துவின் உறுப்பு.